தொட்டியில் இருப்பது பாம்பு இல்லை, பாவா

திருத்தணி,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

நகரியில் இருக்கும் மதிப்புக்குரிய சம்பந்தி பரந்தாமன் பாவா அவர்களுக்கு, திருத்தணி லுங்கிக்கடை துரைக்கண்ணு வணக்கம் சொல்லி எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே நானும் வசந்தியும் நலம். ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனியாக நலம். வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே தாங்களும், தங்கள் மனைவியும் எனக்குத் தங்கை முறையுமான அனுராதாவும், மாப்பிள்ளை பிரகாஷும், மாசமாக இருக்கும் என் மகள் சௌமியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். சம்பந்தி என்று கூப்பிட்டால் கணக்கு வழக்கு மாதிரி இருக்கிறது, மைத்துனன் முறையில் பாவா என்றே கூப்பிடுங்கள் என்று நிச்சயதார்த்தத்தன்று நீங்களே சொன்னீர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். போனில் பேசியிருப்பேன், நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நீல டிக் விழுகிறது, பதில் விழுவதில்லை. கடிதம் என்றால் கவரைப் பிரிக்காமல் ஒரு மனிதனால் இருக்க முடியாது என்பது என் நம்பிக்கை.

விஷயம் ஒன்றுதான். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது முறை. நீங்கள் அனுப்பவில்லை. "அந்த வூட்ல அது இருக்கிற வரைக்கும் எங்க மருமக அங்க காலு வெக்க மாட்டா" என்று சொல்லி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அந்த "அது" பாம்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. பாவா, அது பாம்பு இல்லை. தேள். இதைப் படித்ததும் உங்கள் மனம் லேசாகியிருக்கும்.

தேள் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்த லுங்கிக் கட்டில் வந்தது. காவடிக் கூட்டத்தில் கள்ள நோட்டு அதிகம் புழங்கும் என்று பேசிக்கொண்டார்கள், அதற்காக நோட்டைப் பார்க்கிற ஊதா விளக்கு ஒன்று வாங்கி அப்போதுதான் கல்லாவில் வைத்திருந்தேன். கட்டைப் பிரித்தேன். கட்டம் போட்ட பச்சை லுங்கியின் மடிப்பிலிருந்து ஒரு கருந்தேள், என் உள்ளங்கை அகலத்துக்கு, நடந்து வந்து நேராக அந்த விளக்கின் கீழே நின்றது. நின்றதும் பச்சையாக எரிய ஆரம்பித்தது. சாதாரணப் பச்சை இல்லை, மலைக்கோயிலில் விசேஷ நாளில் கோபுரத்துக்குப் போடுவார்களே சீரியல் பல்பு, அந்தப் பச்சை. பக்கத்துக் கடையில் ஆணி, தாழ்ப்பாள், கம்பிவலை விற்கும் ஹனீஃபா பாய் எட்டிப் பார்த்தார். "இன்னா துரை, உள்ள பேட்டரி கீதா?" என்றார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் தங்கை அனுராதாவின் கட்டளை நினைவுக்கு வந்தது.

உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. சௌமியா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றே தங்கை வசந்திக்குப் போன் செய்து, "புள்ள பொறக்கிற வரைக்கும் ரெண்டு வூட்லயும் ஒரு உயிரக் கொல்லக் கூடாது அண்ணி, எறும்பா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொசுவை நாங்கள் கையெடுத்துக் கும்பிடாத குறை. எனவே செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து, தேளைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அந்த மட்டில் அது உங்கள் வீட்டு உத்தரவின் பேரில் உயிரோடு இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றே மலைக்குப் பின்பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கலாம். கிருத்திகைக் கூட்டத்தில் வெறுங்காலோடு லட்சம் பேர் நடக்கிற மலையில் தேளைக் கொண்டுபோய் விடுவது பக்தி ஆகாது என்று பட்டது. சௌமியா கல்யாணத்துக்கு முன்பு கலர் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி கூடத்தில் காலியாக இருந்தது. அவள் போன பிறகு அந்த மீன்களுக்கு நான் பாசத்தோடு தீனி போட்டேன். பாசம் அளவுக்கு மீறிப் போய் அவை ஒவ்வொன்றாக மல்லாந்துவிட்டன. தொட்டியில் மணல் கொட்டி, இரண்டு ஓட்டுச் சில்லையும் ஒரு கல்லையும் வைத்து, தேளை விட்டேன். மேலே மூட ஹனீஃபா பாய் கம்பிவலையில் சட்டம் அடித்துக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் விட்டுவிடுவதாகத்தான் எண்ணம். கூட்டம் முடிந்தது. எண்ணம் மட்டும் அப்படியே இருக்கிறது.

காரணத்தை உங்களிடம் சொல்வதற்கு என்ன. பெண் பிள்ளையிடம் அப்பன் என்ன பேசுவான் பாவா? வாந்தி இருக்கிறதா, கால் வீங்குகிறதா என்பதெல்லாம் அம்மாக்காரி பேசுகிற பேச்சு. நான் போனை வாங்கினால், "சாப்டியா?" "ஆங், சாப்ட்டேன் நைனா. நீங்க?" "ஆங்." அதோடு முடிந்துவிடும். போனை வசந்தியிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கதவைத் தாழிட்டிருக்கிறோமா என்று பார்ப்பேன். கதவு எப்போதும் தாழிட்டேதான் இருக்கும். தேள் வந்த பிறகு அவளே என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். கடை மூடி வரும்போது விளக்கையும் கையோடு கொண்டுவருவேன். கூடத்து லைட்டை அணைத்துவிட்டு ஊதா விளக்கைத் தொட்டிமேல் பிடித்தால் அது பச்சையாக எழுந்து நிற்கும். வீடியோவில் அவளுக்குக் காட்டுவேன். "இன்னிக்கு அவ சாப்ட்டாளா நைனா?" என்பாள். "இல்லம்மா. கரப்பான் பூச்சி போட்டேன், மூஞ்சத் திருப்பிக்கிச்சு." "எனக்கும் அப்பிடித்தான் இருக்குது. சோத்தப் பாத்தாலே கொமட்டுது." இப்படியாகத் தேளை விசாரித்து விசாரித்தே மகளுக்கு வாந்தி நின்றதும், முதுகு வலிப்பதும், இடது பக்கம் படுத்தால்தான் தூக்கம் வருகிறது என்பதும் எனக்குத் தெரிந்தது. தேளின் வயிறு ஓரங்களில் பிதுங்கிக்கொண்டு வந்ததை முதலில் கண்டுபிடித்தது அவள்தான். "நைனா, அவளும் புள்ளத்தாச்சி" என்றாள்.

வசந்தி மட்டும் ஆரம்பத்திலிருந்தே அதைச் சனியன் என்றுதான் சொல்லிவந்தாள். சௌமியா சொன்னதைக் கேட்டபின் ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு "அவ" என்றாள். பிறகு, நான் கரப்பான் பூச்சி தேடிக்கொண்டிருக்கையில், "மாசமா கீறவளுக்கு அடுப்பங்கரப் பூச்சியத்தான் போடுவியா, நல்லதா தோட்டத்துல ஒரு வெட்டுக்கிளி புடிச்சினு வரக் கூடாதா?" என்றாள். போன புதன்கிழமை காலை கடைக்குக் கிளம்பும்முன் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அவள் பச்சையாக நிற்கிறாள், முதுகில் மட்டும் இருட்டாக இருக்கிறது. விளக்கில் கோளாறு என்று தட்டினேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தால் முதுகு நிறைய அரிசி கொட்டியதுபோல் வெள்ளைவெள்ளையாகக் குட்டிகள். முன்கால்களைத் தொட்டில் மாதிரி மடக்கி, கடைசியாகப் பிறந்ததை ஏந்திக்கொண்டிருந்தாள். சௌமியாவுக்குக் காட்டினேன். அவள் எங்கேயோ படித்துவிட்டு, "பொறந்ததும் வெளிச்சம் வராதாம் நைனா. மொதத் தோலு உரிஞ்சாத்தான் வருமாம். அதுவரைக்கும் அம்மா முதுகுல இருக்கும், அப்புறம் எறங்கிப் போயிடும்" என்றாள். நான் போனைத் தொட்டிக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். அப்புறம் அவளே, "வெள்ளிக்கெழம வந்துருவேன்ல, நேர்ல பாத்துக்கறேன்" என்றாள். வசந்தி சௌமியாவுக்காகக் கிண்டி வைத்திருந்த பிரசவ லேகியத்தில் சுண்டைக்காய் அளவு உருட்டி, வலையைத் தூக்கி, கல்லின் மேல் வைத்தாள். தேள் அதைச் சுற்றிக்கொண்டு போனது. "பிடிக்கலன்னா விடு, கசக்கத்தான் கசக்கும்" என்றாள் வசந்தி, தேளிடம்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்குக் கிருத்திகை, கடையை அடைக்க முடியவில்லை. வளைகாப்புக்குப் பெண்கள் போனால் போதும் என்று வசந்தியை வேனில் அனுப்பினேன். நீங்கள் எல்லோரும் நன்றாகத்தான் உபசரித்தீர்கள். சௌமியா போனில் சொன்னாள், வளையல் அடுக்கி முடிக்கும்போது விளக்கு வைத்துவிட்டார்களாம். அப்போது தங்கை, "அண்ணன் ஏன் வரல, வூட்ல இன்னா செஞ்சிக்கினு கீறாரு?" என்று கேட்டதாம். வசந்திக்கு ஒரு பழக்கம். இருட்டிய பிறகு விஷ ஜந்துக்களின் பெயரைச் சொல்ல மாட்டாள், சொன்னால் வந்துவிடுமாம். அதிலும் பிள்ளைத்தாச்சி பக்கத்தில் மணையில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால், "அத ஏன் கேக்குறீங்க, கண்ணாடிப் பூச்சி குட்டி போட்டுகீது, ராவானா அது பச்சையா எரியறதப் பாத்துக்கினே குந்திகினு கீறாரு" என்று சொல்லியிருக்கிறாள். கண்ணாடித் தொட்டியில் இருக்கிற பூச்சி என்பதைச் சுருக்கிச் சொன்னதாக அவள் நினைப்பு. எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு பாம்பும் பூச்சிதான், தேளும் பூச்சிதான், பூரானும் பூச்சிதான். நகரிப் பக்கம் இருட்டில் பூச்சி என்றால் பாம்பு ஒன்றுதான் என்பது எங்களுக்குத் தெரியாது. தூணுக்கு அந்தப் பக்கம் தாம்பூலம் போட்டுக்கொண்டிருந்த உங்கள் காதில் அது விழுந்திருக்கிறது. கண்ணாடி, பூச்சி, குட்டி. முட்டை போடாமல் குட்டி போடுகிற பாம்பு, அதற்கு முன்னால் கண்ணாடி என்று வேறு சொல்கிறார்கள். நீங்கள் கண்ணாடி விரியன் என்று முடிவு செய்ததில் ஒரு தப்பும் இல்லை பாவா. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் வேனைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். வசந்தியோ, நீங்கள் தேளுக்குத்தான் பயப்படுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு வாதாடாமல் ஏறி வந்துவிட்டாள்.

இங்கே நான் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றேன். எனக்குச் சுற்றத் தெரியாது, எதிர்வீட்டு அம்மாளைச் சொல்லி வைத்திருந்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் நானே கரைத்தேன், கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. வேன் வந்து நின்றது. வசந்தி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் புளிசாதம், எலுமிச்சைசாதம், தேங்காய்சாதம் என்று தூக்குகளாக இறங்கின. நான் கதவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றேன். டிரைவர், "அவ்ளோதான் சார்" என்றான். எதிர்வீட்டம்மாள் என் கையிலிருந்து தட்டை வாங்கி ஓரமாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அன்று முதல் வசந்தி என்னிடம் நேராகப் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைத் தொட்டியைப் பார்த்துச் சொல்கிறாள். "சோறு ஆறிக்கினு கீதுன்னு ஒங்க தாத்தன்கிட்ட சொல்லுங்கடி." குட்டிகளுக்கு நான் தாத்தா முறை என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் கோபம் பாம்பின் மேல் என்பது எப்படித் தெரிந்தது என்றால், நேற்றுக் காலை கடைக்கு ஒரு அம்மாள் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. நகரி பஸ்ஸில் வந்ததாம். "ஒளி உடுற விரியன் இங்கதான கீது, ஒரு தரம் கும்பிட்டுட்டுப் போறேன்" என்றது. நான் லுங்கிக்கடை என்றேன். "ஆங், லுங்கிக்கடைன்னுதான் சொன்னாங்க" என்றது. மத்தியானம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, பாம்பு மாணிக்கம் கக்கியதும் முதலில் தனக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, மரியாதைக்கு ஒரு லுங்கி வாங்கிக்கொண்டு போனார். இதை நீங்கள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் ஒருவரிடம் சொல்லியிருப்பீர்கள்.

பாம்பு இல்லையென்றால் தேளை இப்போதே தூக்கி வெளியே போட வேண்டியதுதானே என்பீர்கள். நியாயம். நான் வெள்ளிக்கிழமை இரவே அதற்குத் துணிந்தேன். சௌமியாதான் போனில் தடுத்தாள். குட்டிகள் முதுகில் இருக்கும்போது தொட்டியை அசைத்தாலோ இடம் மாற்றினாலோ, தாய் மிரண்டு தன் குட்டிகளையே தின்றுவிடுமாம். "நைனா, என்ன அனுப்பலன்னா பரவால்ல. அதத் தூக்காதீங்க" என்றாள். உங்கள் பேரப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருக்கிறவள் சொன்ன வார்த்தை. தங்கையின் கட்டளையும் இன்னும் அமலில் இருக்கிறது. மறுநாள் ஹனீஃபா பாயிடம், "நான் கடைக்கு எடுத்துக்கினு வந்தா ஒங்க கடையில கொஞ்ச நாளு வெச்சிக்கிறீங்களா?" என்று பேச்சுக்குக் கேட்டும் பார்த்தேன். "ஏன்பா, நாள்முழுக்க எனக்கு வர்றதே நாலு பேரு. அவங்களும் நிம்மதியா இருக்கக் கூடாதா?" என்றார். ஆக அதை வைத்திருந்தால் மகள் வர முடியாது, எடுத்தால் மகள் முகத்தில் நான் விழிக்க முடியாது.

பாவா, தேளுக்காக நான் உங்களிடம் வாதாடவில்லை. வசந்தி முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை கட்டி, இடது பக்கம் படுக்கத் தோதாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறாள். நான்கு நாளாக அந்த அறைக்குள் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பி வருகிறாள். அவள் தாய் அவளைப் பெற்றபோதே போய்ச் சேர்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். சௌமியா பிறந்த சமயம் இவளுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. தன் மகளுக்காவது தான் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் கேட்டதில்லை. அதனால் என் வாக்குறுதியைக் கேளுங்கள். குட்டிகள் தோல் உரித்து முதுகைவிட்டு இறங்கிய அன்றே, தாயையும் குட்டிகளையும் ஒன்று விடாமல் தொட்டியோடு எடுத்துப்போய், ஆள் நடமாட்டமில்லாத பாறைப் பக்கம் விட்டுவிடுவேன். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். இனி இந்த வீட்டில் ஒளிவிடுகிற, ஒளிவிடாத எந்த ஜந்துவும் இருக்காது. நீங்களே நேரில் வந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். அதுவரை பொறுத்திருந்து, பிறகு பெரியமனது பண்ணிப் பெண்ணை அனுப்பிவையுங்கள். அவளுடைய மருந்து மாத்திரைகளையும், அவள் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் அந்தப் பழைய சின்னத் தலையணையையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். அது இல்லாமல் தூங்க மாட்டாள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. தங்கைக்கு என் அன்பு. சௌமியாவிடம் நைனா நலமாக இருக்கிறேன் என்றும், அவளும் நலமாக இருக்கிறாள் என்றும் சொல்லவும். இரண்டாவது அவள் யார் என்று அவளுக்குப் புரியும். உங்கள் குடும்பத்தில் விளக்கும் மழலையும் குறைவில்லாமல் நிறைய மலைமேல் இருக்கிறவனை வேண்டுகிறேன்.

இப்படிக்கு, தங்கள் பதிலுக்காகக் கடை வாசலையும் வீட்டு வாசலையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
துரைக்கண்ணு.

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதி முடித்து, கவரில் போட்டு ஒட்டி வைத்தேன். புதன்கிழமை தபாலாபீசுக்குப் புறப்படும் நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தங்கை அனுராதா முதலில் இறங்கி, உள்ளே கையைக் கொடுத்து, சௌமியாவை மெதுவாக இறக்கியது. மலைக்கு அர்ச்சனைக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்ததாம். அர்ச்சனைத் தட்டு உண்மையாகவே கையில் இருந்தது, அந்த மட்டில் பொய் இல்லை. "எங்கண்ணா அந்தப் பாம்பு, காட்டுங்க" என்று கிண்டலாகக் கேட்டது. பாம்பு இல்லம்மா, தேளு என்றேன். "அதத்தான் இவ பஸ்ல வரும்போதே சொன்னாளே. எங்க வூட்டுக்காரரு தேளுன்னாலும் அனுப்ப மாட்டாரு, அதான் நானே இட்டாந்துட்டேன்" என்றது.

பட்டப்பகலில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு விளக்கைப் பிடித்தேன். தாய் எரிந்தாள். முதுகில் ஓரமாக ஒன்றே ஒன்று, மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி பச்சையாகத் தெரிந்தது. மூன்று பெண்களும் தொட்டியை ஒட்டி வந்து நின்றார்கள். "இம்மாம் புள்ளைங்களையும் தூக்கிக்கினு எப்பிடித்தான் நிக்கிறாளோ" என்றது தங்கை. "நிக்கிறதுதான் கஷ்டம் அத்த" என்றாள் சௌமியா, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. உடனே தங்கை தேளை விட்டுவிட்டு அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டது. வசந்தி என்னைப் பார்த்து, நேராக என்னையே பார்த்து, "கவர வெச்சிக்கினு இன்னா நின்னுகினு கீற, போய் எளநீ வாங்கினு வா" என்றாள். ஐந்து நாளுக்குப் பிறகு கேட்ட முதல் வார்த்தை, தித்திப்பாக இருந்தது.

ஆகவே மேலே கேட்டவை, சொன்னவை எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன். தேளைப் பாறைப் பக்கம் விடுவதாகச் சொன்னதை உங்கள் மனைவி ஏற்கவில்லை. "மருமக பெத்துப் பொழைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம், அதுவரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டது. எல்லாக் குட்டிகளுக்கும் வெளிச்சம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் தானும் ஊருக்கு வரும் என்கிறது. எழுதியதை வீணாக்க வேண்டாம் என்று, கவரை மறுபடி பிரித்து, இதையும் சேர்த்து அனுப்புகிறேன். சௌமியா முன்னறையில் இடது பக்கமாகப் படுத்துத் தூங்குகிறாள். சின்னத் தலையணையைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள், வசந்தியின் புடவையை மடித்து வைத்திருக்கிறோம். எழுப்பி, கிளம்பு என்று சொல்லக்கூடிய ஆள் இந்த வீட்டில் யாரும் இல்லை. உங்கள் மனைவியையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.